உள்தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

போன மாதம் அரியலூரில் கட்டடத் தொழிலாளர்கள் கூட்டம் நடந்தது. வயதானவள் என்று என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். டைல்ஸ் ஒட்டுகிற பெண் ஒருத்தி எழுந்து, "அம்மா, பாத்ரூம் வேலைக்குப் போனா நீங்க முதல்ல என்ன பாப்பீங்க?" என்று கேட்டாள். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னு பாப்பேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கிழவி வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்துத் தலைவரும் சிரித்துவிட்டு அடுத்தவரைப் பேசக் கூப்பிட்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் லூர்துமேரி. வரதராசன்பேட்டை எங்கள் ஊர். அப்பா சுண்ணாம்பு வேலைக்காரர். கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கல்யாணமாகிக் காரைக்குடிப் பக்கம் சில வருஷம் இருந்தோம். அங்கேதான் சுவர் தேய்க்கப் பழகினேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சாந்தைப் பூசி, அது காய்வதற்கு முன்னால் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். விடாமல் தேய்த்தால் சுவர் சங்கு மாதிரி ஆகிவிடும். அந்த வேலை முழுக்கப் பெண்கள்தான். யுத்தம் வந்ததும் என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். நான் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து, பெரம்பலூரில் காதர் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

காதர் பாய்க்குச் சொந்த ஊர் லப்பைக்குடிகாடு. ரங்கூனில் துரைமார் வீடுகளுக்குக் குளியலறை கட்டிக்கொடுத்தவர். அங்கே குண்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் கப்பலேறி வந்துவிட்டார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வீட்டுக்குள் குளிப்பதே புதுசு. ஆண்கள் கிணற்றடியில் குளிப்பார்கள். பெண்களுக்குக் கொல்லையில் ஓலைத் தட்டி இருக்கும். வக்கீல், டாக்டர், நிலபுலம் உள்ளவர்கள் மட்டும் "வூட்டோட சேத்து ஒரு பாத்ரூம்" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். குளியலறை என்று போனால் கூடத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொடுங்கள் என்பார்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் பாய் செய்கிற முதல் காரியம், சுவரில் மாட்டியிருக்கிற காலண்டர், மான் கொம்பு, மங்கிப்போன படம் எல்லாவற்றையும் இறக்கச் சொல்வதுதான். "கண்ணு போயி உக்கார ஒரு எடம் வேணாமா? இம்புட்டையும் மாட்டி வச்சா கண்ணு நின்னுக்கிட்டே இருக்கும்" என்பார்.

அவரிடம் வேலை செய்வது சுலபம் இல்லை. எதையும் நம்ப மாட்டார். மணல் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பார். யுத்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அலைந்து திரிந்து வாங்கிய சிமெண்ட் மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவுவார். கட்டி தட்டுப்பட்டால் மூட்டையை வண்டியிலிருந்து இறக்கவே விடமாட்டார். தரை போட்டு முடித்ததும் நாங்கள் எல்லாம் வெளியே போய்விட வேண்டும். ஒரு குடம் தண்ணீரை நடுத்தரையில் ஊற்றிவிட்டு, குந்தி உட்கார்ந்து அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் ஓடிப்போன பிறகும் எழுந்திருக்க மாட்டார். எந்த மூலையிலாவது ஈரம் தங்கினால், "லூர்து, இங்கன பொய் சொல்லுது பாரு" என்பார்.

பெரம்பலூரில் ஒரு வக்கீல் வீட்டில் பூஜை அறைச் சுவர் ஊறிக்கொண்டே இருந்தது. சமையல்காரிதான் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றுகிறாள் என்று வக்கீல் வீட்டம்மா அவளை வேலையை விட்டு அனுப்பத் தயாராக இருந்தார். பாய் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. குளியலறையில் கெட்டியாக மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் பூஜை அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் சுவரில் மஞ்சள் பூத்தது. சமையல்காரி அழுதுகொண்டே சிரித்தாள். பாய் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவரை விரலால் தொட்டு முகர்ந்துகொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட ஆளே திகைத்து நின்றது ஒரு வீட்டில்தான்.

விக்கிரமங்கலத்தை ஒட்டிய ஊர் அது. கரிப்புகை விட்டுக்கொண்டு வரும் பஸ்ஸில் போய் இறங்கி நடக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயர் தெய்வசிகாமணி. நிலம் நிறைய. மெதுவாகப் பேசுகிறவர், குரல் எழும்பவே எழும்பாது. ஒரே மகள் சரசு, கல்யாண வயது. வீட்டம்மா பெயர் அமிர்தம் என்று வேலைக்காரி மருதாயி சொன்னாள். வேலை தொடங்கி எத்தனையோ நாள் வரைக்கும் அந்த அம்மாவை நான் கண்ணால் பார்க்கவில்லை.

வீட்டம்மா படுக்கிற அறைக்குப் பக்கத்தில் நெல் கொட்டி வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதைத்தான் குளியலறையாக மாற்றச் சொன்னார். "பாய், அமைதியா இருக்கணும். உள்ள போனா மனசு அடங்கணும். அவ்ளோதான்" என்றார். பாய்க்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. இப்படிக் கேட்கிற ஆளை இந்தச் சீமையில் இப்போதுதான் பார்க்கிறேன் என்று பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டி உள்ளே கூடாது. தவலையும் அடுப்பும் வெளியே கொல்லையில் இருக்கட்டும். அங்கிருந்து சுவரில் ஓட்டை போட்டுப் பித்தளை மூக்கு வழியாக வெதுவெதுப்பாகத் தண்ணீர் வந்தால் போதும். சரி என்றார் பாய். இன்னொரு நாள், வாசலில் படி வேண்டாம் என்றார். சரி. சுவர் மூலை எதுவும் கூராக இருக்கக் கூடாது, பானை வயிறு மாதிரி வளைந்து வர வேண்டும். அதுவும் சரி, அழுக்குத் தங்காது. தரை சிவப்பாக இருக்கலாம், ஆனால் பளபளப்பு வேண்டாம். கண்ணாடி வேண்டாம். சுவரில் ஆணியோ முளையோ கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். கதவில் கண் வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஒரு ஓட்டை வேண்டும்.

கடைசியில்தான் தாழ்ப்பாளுக்கு வந்தார். "உள்ளாற தாப்பா வேணாம் பாய். வெளிய மட்டும் போட்டுடுங்க."

பாய் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். கொல்லையில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்த குழியோரம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"லூர்து, இந்தாளு ஒன்னொன்னா கேக்குறப்ப எல்லாம் ஞாயமாத்தான் இருக்கு. எல்லாத்தையும் சேத்துப் பாரு. இது என்னது?"

"ஜெயிலு மாதிரி இருக்கு பாய்."

"ஜெயில்ல கூட இம்புட்டு மழமழன்னு சுவரு கேக்க மாட்டான்" என்றார்.

எனக்கு அன்றிலிருந்து காது அந்தப் பக்கத்து அறைமேலேயே இருந்தது. சுவர் தேய்க்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு. வாய் பேசாமல் கை மட்டும் போய்க்கொண்டிருப்பதால், வீட்டில் இருப்பவர்கள் நாம் இருப்பதையே மறந்துவிடுவார்கள். சில நேரம் உள்ளே யாரோ மெதுவாகப் பாடுவது கேட்கும். சில நேரம் எதுவோ விழுகிற சத்தம், அப்புறம் ஓடுகிற காலடி. ஒருநாள் மருதாயி முறத்தில் உடைந்த வளையல் துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள். "என்ன மருதாயி?" என்று கேட்டேன். "கை தட்டி உடைஞ்சிடுச்சு" என்றாள். இன்னொரு நாள் கதவு பாதி திறந்தபோது அந்த அம்மாவின் முகம் ஒரு கணம் தெரிந்தது. நெற்றிப் பொட்டில் வீக்கம், கருநீலமாக. மருதாயியைப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்பே, "படில விழுந்துட்டாங்க" என்றாள். அந்த அறைக்குப் படியே கிடையாது.

ஊரில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அது யுத்தக் காலம். நெல்லை யாராவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று அதிகாரிகள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெல் அறையை இடித்துக் கட்டுகிறார், கொல்லையில் குழி தோண்டுகிறார் என்றால் சும்மா இருப்பார்களா? ஒருநாள் காலையில் கிராம அதிகாரி ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்து, குளியலறைத் தண்ணீர் போவதற்காக நாங்கள் வெட்டியிருந்த குழிக்குள் நீளக் கம்பை விட்டுக் குத்திப் பார்த்தார்.

"சார், நெல்ல ஒளிக்கிறவன் தண்ணி போற குழிலயா ஒளிப்பான்? நாத்துல்ல முளைச்சிடும்" என்றார் பாய்.

அவர் பாயை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உள்ளாற என்னய்யா பண்றீங்க? ஜன்னல் இவ்ளோ ஒசரத்துல இருக்கு?"

"குளிக்கிற எடம் சார்."

"குளிக்கவா? கெணறு என்னாச்சு?"

அந்த ஆள் கடைசி வரைக்கும் நம்பவில்லை. போகும்போது தெய்வசிகாமணியிடம், "இந்த ரூம்பு என் மனசுல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். தெய்வசிகாமணி வேர்த்து ஒழுக நின்றார். ஒளித்து வைக்க ஒன்றுமில்லாதவர் எதற்கு இப்படி வேர்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

கதவு வந்து இறங்கியது. நல்ல தேக்கு. தாழ்ப்பாள் அடிக்கிற வேலைதான் பாக்கி. நான் பாயிடம் சொன்னேன்: "அந்தம்மாவ அடைச்சு வைக்கத்தான் இது. நெத்தியில காயத்த நான் பாத்தேன். இந்தக் கதவுக்கு வெளித்தாப்பா போட்டுக் குடுத்தா அந்தப் பாவத்துல நமக்கும் பங்கு."

பாய் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். "சந்தேகம் எனக்கும்தான். ஆனா நாம பாத்தது ஈரம் மட்டும். எங்கேருந்து வருதுன்னு தெரியாது. ஊத்திப் பாத்துடுவோம்."

"எதை ஊத்துறது?"

"அந்தம்மாவ வந்து தரையில நிக்கச் சொல்லு. தரை கடைசியா எப்படி இருக்கணும்னு குளிக்கிறவங்க காலு சொல்லணும், மத்தவங்க காலு சொன்னா ஒத்துக்க மாட்டேன்னு சொல்லிடு. அது பொய்யும் இல்ல."

அது பொய் இல்லைதான். சிவப்புத் தரை காய்வதற்கு முன்னால் தேங்காய் நாரால் ஒற்றி ஒற்றி எடுத்தால் வழுக்காது. எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓர் ஓரத்தில் சின்னச் சின்னதாக மூன்று விதமாகப் போட்டுக் காய வைத்தேன். தெய்வசிகாமணியிடம் போய், "அய்யா, அம்மா வந்து நின்னு பாக்கணும்ங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அவளுக்கு ஒடம்பு சரியில்ல. சரசு வந்து நிப்பா."

"சரசுவா குளிக்கப் போவுது?"

"என்னம்மா நீ, எதிர்க் கேள்வி கேக்குற?"

"அம்மா நிக்காம கதவு மாட்ட மாட்டேன்னு பாய் சொல்லிட்டாருங்க."

பக்கத்து அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தெளிவான, கொஞ்சம் கேலி கலந்த குரல். "நான் நின்னா தரை உள்ள போயிடுமா? வரேன்னு சொல்லுங்க."

ஆண்கள் எல்லோரும் வெளியே போனார்கள். தெய்வசிகாமணி மட்டும் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார். அமிர்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெலிந்த உடம்பு. நெற்றிக் காயம் மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது. முதல் தரையில் நின்றார், இரண்டாவதில் நின்றார். நான் பித்தளை மூக்கின் அடைப்பை எடுத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். விழுகிற சத்தத்தில் பேசினால் வெளியே கேட்காது.

"அம்மா, உள்தாப்பா வேணாம்னு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியே நிற்கிறவர் சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாரோ என்று முகத்தையே பார்த்தேன். அவருக்கு அது புரிந்துவிட்டது. குனிந்து தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு வலிப்பு உண்டு. சரசு பொறந்ததுலேருந்து. எப்ப வரும்னு தெரியாது. கொல்லையில இருந்த பழைய குளியல் கொட்டாயில தாப்பா போட்டுக்கிட்டு குளிக்கிறப்ப வந்துடுச்சு. தொட்டிக்குள்ள முகம் கெடந்திருக்கு. இவருதான் கதவ உடைச்சு என்னைத் தூக்குனாரு. மூலை வேணாம், படி வேணாம், தொட்டி வேணாம் எல்லாம் நான் சொன்னதுதான். எங்கெங்க இடிச்சுக்கிட்டேனோ அதெல்லாம் வேணாம்னேன். அந்த ஓட்டை வழியா மருதாயி அப்பப்ப பாத்துக்குவா."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, மனசு லேசாகவும் இருந்தது. ஆனால் ஒன்று இடித்தது. "அப்ப வெளித்தாப்பா எதுக்கும்மா?"

அமிர்தம்மாவின் கை தண்ணீரிலேயே நின்றது. "வெளித்தாப்பாவா?"

"அய்யா கேட்டாரு."

கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். குரலில் இருந்த கேலி போய்விட்டது. "சரசுவ பொண்ணு பாக்க வராங்க. மாப்ள வாத்தியாரு. அவங்க முன்னால எனக்கு வந்துடுச்சுன்னா போச்சு. வலிப்புக்காரி பொண்ணுன்னு அதுக்கப்புறம் யாரும் வாசப்படி ஏற மாட்டாங்க. அன்னைக்கு மட்டும் என்னை இதுக்குள்ள வச்சுப் பூட்டப் போறாரு."

"நீங்க கேளுங்கம்மா அவர."

"என்னன்னு கேக்குறது? அவரு நெனைக்கிறது நெசந்தானே? என் பொண்ணு வாழ்க்கை." மூன்றாவது தரையில் ஏறி நின்று விரல்களை ஊன்றிப் பார்த்தார். "இது நல்லா இருக்கு. இப்படியே போட்டுடு." போகும்போது திரும்பினார். "லூர்து, அன்னைக்கு ஏதாச்சும் சாக்கு சொல்லிட்டு நீ கொல்லையில இரு."

நான் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் எங்கே பூத்தது என்று தெரிந்துவிட்டது. அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கதவை மாட்டினார். வெளித்தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை. தெய்வசிகாமணி கேட்டபோது, "நல்ல தாப்பா கிடைக்கல அய்யா, யுத்தக் காலம்" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் கண்ணையே பார்த்தார். தெய்வசிகாமணியும் பார்த்தார். ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்பது இருவருக்குமே தெரிந்தது.

பெண் பார்க்க வருகிற அன்று, நாங்கள் புதிதாகப் போட்டிருந்த கூடத்துத் தரையைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும் என்று சொல்லிக் காலையிலேயே போய்விட்டேன். முதலில் குளியலறைக் கதவைத்தான் போய்ப் பார்த்தேன். ஊர்த் தச்சரை வைத்துத் தெய்வசிகாமணி சங்கிலியும் கொண்டியும் அடித்திருந்தார். புது மரத்தில் சுத்தியல் பட்ட தடம் அப்படியே இருந்தது.

மாட்டுவண்டியில் பெரியவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். கூடத்துத் தரையைப் பார்த்ததும் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார். அவருடைய அத்தை ஒருத்தி இருந்தாள். அந்த அம்மாளுக்குக் காதர் பாயைவிடச் சந்தேகம் அதிகம். உள்ளே வந்ததிலிருந்து கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. "பொண்ணோட அம்மா எங்க?" என்றாள்.

"பொறந்த வூட்ல ஒரு சாவு. கேதத்துக்குப் போயிருக்கா" என்றார் தெய்வசிகாமணி.

"பொண்ணு பாக்க வரோம்னு தெரிஞ்சுமா?" என்றாள் அத்தை. அவர் வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தினார்.

நான் கொல்லைப் பக்கம் போய், பித்தளை மூக்கு சுவருக்குள் நுழைகிற இடத்தில் உட்கார்ந்தேன். தவலையில் தண்ணீர் இல்லை. அந்த ஓட்டை வழியாகப் பேசினால் உள்ளே நன்றாகக் கேட்டது.

"லூர்து, இருக்கியா?"

"இருக்கேம்மா."

"பொண்ணு வந்து உக்காந்துட்டாளா?"

"இன்னும் இல்லம்மா. இப்பத்தான் வெத்தல வச்சிருக்காங்க."

"அவளுக்கு மாம்பழக் கலரு பொடவை எடுத்து வச்சேன். அதத்தான் கட்டியிருக்காளான்னு பாத்து…"

அதோடு நின்றுவிட்டது. "அம்மா" என்றேன். பதில் இல்லை. குதிகால் தரையில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

எழுந்து ஓடினேன். அடுக்களை வழியாகப் போகும்போது மருதாயி மறித்தாள். அவளைத் தள்ளிவிட்டுப் போய்ச் சங்கிலியை இழுத்தேன். அது கொண்டியில் இறுகி இருந்ததால் இரண்டு கையாலும் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டிருக்கும். கதவைத் திறந்தேன். அமிர்தம்மா வளைந்த மூலையில் தலை முட்டக் கிடந்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் வாங்கிக்கொண்டேன்.

முதலில் வந்தது சரசு. மாம்பழ நிறப் புடவையோடு தரையில் விழுந்து, "அம்மா, அம்மா" என்று காலைப் பிடித்துக்கொண்டாள். மருதாயி இரும்புச் சாவிக்கொத்தைக் கொண்டு வந்து கையில் திணிக்கப் பார்த்தாள். அதற்குள் ஒரு கை நீண்டு அந்தச் சாவிக்கொத்தைத் தட்டிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை.

"சாவியெல்லாம் வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வையி. கழுத்துல இருக்கிறதத் தளர்த்து. கைய அமுக்காத, அது பாட்டுக்கு ஆடட்டும்." பதறாமல், அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் மாதிரி சொன்னாள். எனக்கு அந்த நிலையிலும் சந்தேகம் வந்தது. இதெல்லாம் இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

இழுப்பு அடங்கியது. வாயோரம் நுரையை முந்தானையால் துடைத்தேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அத்தை எழுந்து, மூலையைக் கையால் தடவிப் பார்த்தாள். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். தொட்டி இல்லாததை, படி இல்லாததை, கதவு ஓட்டையை எல்லாம் பார்த்தாள். கடைசியாகச் சங்கிலியை.

தெய்வசிகாமணி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை.

"கேதம்னீங்க" என்றாள் அத்தை.

அவர் கையைக் கூப்பினார். "மன்னிச்சிடுங்க. பொண்ணுக்காகத்தான்…"

"இருங்க. நானும் ஒன்னு சொல்லணும்." அத்தையின் குரல் இறங்கியது. "மாப்ளைக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா. அது உங்க கிட்ட நாங்க சொல்லல. அவளுக்கும் இதான். நீங்க பாத்துட்டா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு, அவள வூட்டுல வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கோம்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு, "நான் போயி தொறந்து விட்டுட்டு வரேன் அத்தை" என்றார். யாருடைய பதிலுக்கும் நிற்காமல் போனார். தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

தெய்வசிகாமணியின் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிய கை இறங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப நாங்க கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு. வலிப்பு இருக்கிற வூட்டுல… ஒரே பொண்ணு எனக்கு. நீங்க கை நனைக்காம கெளம்புறதே நல்லது."

எங்கள் பக்கம் பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைக்க வேண்டாம் என்றால் முடிந்தது என்று அர்த்தம்.

என் மடியில் அசைவு தெரிந்தது. அமிர்தம்மா கண்ணைத் திறந்திருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. நாக்கு இன்னும் குழறியது. ஆனாலும் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"என்னைக் கட்டிக்கிட்டு நீங்க கெட்டா போயிட்டீங்க?"

தெய்வசிகாமணி பின்னால் நகர்ந்தார். கதவில் தொங்கிய சங்கிலி கையில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண் நிறைந்துவிட்டது. மனைவியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். பிறகு மருதாயி பக்கம் திரும்பி, "இலை போடச் சொல்லு" என்றார்.

சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதுவரைக்கும் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே மருதாயியிடம் சொன்னாள்: "அவருக்கு ஒரு இலை, அவரு தங்கச்சிக்கு ஒரு இலை. ரெண்டு இலைக்கும் எடுத்து வச்சிடு."

மாப்பிள்ளை போன வேகத்தில், தங்கச்சியைத் திறந்துவிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வருவார் என்றுதான் நான் நினைத்தேன். வெயில் இறங்குகிற நேரத்தில் சைக்கிள் வந்தது. பின்னால் கேரியரில் ஒரு பெண், சரசுவைவிடச் சின்னவள், ஒரு கையால் அண்ணன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் இறங்கியவள் உள்ளே வர மாட்டேன் என்று நின்றாள். இத்தனை பேர் பார்க்கிற கூடத்துக்குள் யாரும் அவளை அதுவரைக்கும் கூட்டிப் போனதில்லை போலிருக்கிறது.

அமிர்தம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, எல்லோருக்கும் நடுவில் இலை முன்னால் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். அந்தப் பெண் இலையைத் தொடாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ விழுந்தா நான் புடிச்சிக்கிறேன்" என்றார் அமிர்தம்மா. "நான் விழுந்தா நீ புடிச்சிக்க. இப்ப சாப்புடு."